ஓரப் பட்டியலில் யாரும் இல்லை

ஈப்போவில் காயா பன் வாங்குவதென்றால் காலை ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும், ஐயா. அதற்கு மேல் போனால் ஆறிப்போனதுதான் கிடைக்கும். ஆறிய பன்னில் உள்ளே இருக்கும் காயா ஜாம் இறுகி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். முதல் வாயில் வெறும் மாவு, கடைசி வாயில் மொத்த இனிப்பும். எங்கள் அலுவலகத்தில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பன் வாங்கும் பொறுப்பு என்னுடையது. இரண்டு வருடத்தில் ஒரு முறைகூட நான் யாருக்கும் ஆறிய பன் கொடுத்ததில்லை. நான் எப்படிப்பட்டவள் என்பதற்கு இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன். எதையும் மறைக்க மாட்டேன்.

என் பெயர் ரோசரி. வயது முப்பத்துமூன்று. ஈப்போ சிலிபினில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் பாட்டுக் குழுவில் பாடுவேன். எனக்குக் குரலை மாற்றிப் பாட வரும். அதனால் யார் வராவிட்டாலும் அவர் இடத்தில் என்னை நிறுத்திவிடுவார்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

பேராக் மாநிலத்தில் பதினோரு தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பெனியில் வேலை. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்ட தோட்டங்கள். அதில் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கும் இரட்டைப்பாலத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். நான் பிறந்த காலையைப் பற்றி ஒரு கதை உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது உங்களுக்கு விளங்கும்.

தோட்டத்தில் விடிவதற்கு முன் பெரட்டு நடக்கும். எல்லோரும் வரிசையில் நிற்க, கணக்குப்பிள்ளையான கிராணி ஏட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ‘இருக்கேன்’ என்று குரல் கொடுத்தால் பேர் விழும். பேர் விழுந்தால்தான் அன்று வேலைக்கு வந்ததாக அர்த்தம். அன்று என் அம்மாவுக்கு விடியற்காலையில் வலி கண்டுவிட்டது. பக்கத்து வீட்டு நவமணிக்கு அப்போது பதினான்கு வயது. தன் பெயருக்குத் தன் குரலில் ‘இருக்கேன்’ என்றாளாம். அம்மா பெயர் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, அம்மாவின் கரகரத்த குரலில் இன்னொரு ‘இருக்கேன்’. கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் பிறந்த அன்று என் அம்மாவுக்குப் பேர் விழுந்தது. எங்கள் தோட்டத்தில் இதை யாரும் பொய் என்று சொன்னதில்லை. இல்லாதவருக்காக இருப்பவர் குரல் கொடுப்பது. அவ்வளவுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு வாருங்கள்.

அது வந்தது 1983இல். கட்டில் அளவுக்கு ஒரு பெட்டி, அதற்கென்று குளிரூட்டிய அறை, அறைக்குள் போவோருக்கு ஸ்வெட்டர். ஈப்போ வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வருபவர்களைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் தினமும் சிரிப்பார். முதல் நாள் எங்கள் மேலாளர் சதாசிவம் சார் பூசணிக்காய் உடைக்க வேண்டுமென்றார். சிங்கப்பூரிலிருந்து வந்த சீன இஞ்சினியர் ஒரு சொட்டு ஈரம்கூட உள்ளே வரக்கூடாது என்று கைகளை விரித்து வாசலை மறித்தார். பூசணிக்காய் மாடிப்படியில் உடைந்தது. குங்குமச் சிவப்பாகக் கிடந்த அதை அவர் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் பின்பக்கமாகப் போய் மாதா கோவில் தீர்த்தம் மூன்று சொட்டு தெளித்துவிட்டேன். அதனால்தான் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாளும் நின்றதில்லை என்று நான் நம்புகிறேன். சதாசிவம் சார் பூசணிக்காயால் என்று நம்புகிறார். நாங்கள் இருவரும் இதைப் பற்றிச் சண்டை போட்டதில்லை.

வெளியிலிருந்து வரும் விவரங்களை உள்ளே ஏற்றுவதுதான் என் வேலை. கம்ப்யூட்டர் எதையும் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளாது, ஐயா. அதற்கு ஒரு வழிமுறை உண்டு. நிரலை எழுதியவன் ஜோன். இருபத்தைந்து வயது, நல்ல பையன், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். அதன் உறுப்புகளுக்கு அவன் ஆங்கிலத்தில் ஏதேதோ பெயர் வைத்திருந்தான். நாங்கள் எங்கள் வசதிக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டோம்.

முதலில் வாசிப்பவர். வட்டுத் தகட்டில் இருப்பதை வரி வரியாகப் படிப்பார். எதையும் புரிந்துகொள்ள மாட்டார். அடுத்து துபாஷி. வெளியாள் பேசுவதை எங்கள் பேச்சுக்கு மாற்றுவார். வெளியே ‘பெண்’ என்பதற்கு 2 என்று போட்டிருந்தால் இங்கே அதை ‘பெ’ ஆக்குவது, அவர்கள் அளவை எங்கள் அளவாக்குவது, எல்லாம் அவர் பொறுப்பு. அவர் கையில் ஒரு அட்டவணை இருக்கும். அதில் எழுதியிருப்பதை அப்படியே செய்வார். மூன்றாவது கங்காணி, தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கிறவர் பெயர். ஒவ்வொரு வரியையும் நிறுத்தி, பெயர் இருக்கிறதா, அடையாள அட்டை எண் சரியா, எண்கள் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். சரியாக இருந்தால் நான்காவது ஆளான லாரி அதை ஏற்றிக்கொண்டு போய் உள்ளே இறக்கிவிடும். சரியில்லாத வரியை கங்காணி ஓரமாக நிறுத்திவிடுவார். அப்படி நின்றவர்கள் கடைசியில் ஒரு தாளில் அச்சாகி வருவார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஓரப் பட்டியல்.

மாதா மாதம் வந்தவற்றில் முக்கியமானது மருந்தடிக்கும் பெண்களின் இரத்தப் பரிசோதனை. செம்பனைக்குப் பூச்சி மருந்து அடிக்கிறவர்களின் இரத்தத்தை நகரத்தில் ஒரு ஆய்வுக்கூடம் சோதித்து, ஆளுக்கு ஓர் எண் போட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும் கருப்புத் தகட்டில் பதிந்து அனுப்பும். நல்ல உடம்புக்கு நூறு. ஐம்பதுக்குக் கீழே போனால் கங்காணி ஓரமாக நிறுத்துவார்.

முதல் மாதம் ஓரப் பட்டியலில் நாற்பத்தொரு பேர்.

“அக்கா, பாதி தோட்டத்தையே கங்காணி வெளிய நிக்க வச்சிட்டாரு” என்று ஜோன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சதாசிவம் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. “கோலாலம்பூர்ல கேப்பாங்கப்பா. ஓரத்துல ஒருத்தரும் நிக்காம ஒரு மாசம் காட்டுங்க, ஆபீசுக்கே காயா பன் வாங்கித் தாரேன்லா.”

நான் உட்கார்ந்து சரிசெய்தேன். முதலில் எல்லாம் நேர்மையான வேலைதான். ஒரே பெயரை நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். தோட்டத்துக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டு ஒன்றாக்கினேன். பிறந்த தேதி இல்லாதவர்களுக்குத் தேதி கேட்டேன். “மழக்காலத்துல பொறந்தேன், ஆயி” என்றாள் ஒருத்தி. மழைக்காலத்தை கங்காணி ஒத்துக்கொள்ள மாட்டார். அவளுக்கு நவம்பர் முதல் தேதி கொடுத்தேன். சகல பரிசுத்தர்கள் திருநாள், நல்ல தேதி. பிறகு கேட்கப்போகும்போதெல்லாம் தொலைபேசி கிடைக்காததால், கேட்காமலே கொடுக்கத் தொடங்கினேன். பதினெட்டுப் பெண்கள் ஒரே நாளில் பிறந்தார்கள்.

மூன்றாவது மாதம் அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடி, ஓரப் பட்டியலின் தலைப்பை அடித்து, கீழே ஒன்றும் அடிக்காமல் நின்றது. வெறும் தாள். ஐயா, அந்த மகிழ்ச்சியை உங்களுக்கு எப்படிச் சொல்வேன். ஜோன் தாளின் இரண்டு பக்கமும் இருக்கும் ஓட்டைப் பட்டையை முழ நீளத்துக்குக் கிழித்து என் கழுத்தில் மாலையாகப் போட்டான். சதாசிவம் சார் ஸ்வெட்டரோடு ஜோகெட் ஆடினார். தட்டச்சுப் பெண்கள் மேஜையைத் தட்டித் தாளம் போட்டார்கள். யாரோ பன்னில் மெழுகுவர்த்தி குத்தி என்னை ஊதச் சொன்னார்கள். சிரித்துச் சிரித்து எனக்குத் தலை சுற்றியது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அன்று முதல் எனக்குப் பெயர் ‘பூஜ்ஜியம் அக்கா’. ஒன்றுமில்லாத ஒரு தாளுக்காக அவ்வளவு சந்தோஷம் வேறு எந்த அலுவலகத்திலும் இருந்திருக்காது.

எண்ணில் முதல் முறை கை வைத்தது 1984 மார்ச்சில்.

கடைசி வெள்ளி. பன் சூடாக மேஜையில் இருக்கிறது. பட்டியலில் ஒரே ஒரு வரி நிற்கிறது. காளியம்மா, இரத்த எண் 46. பன்னிரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் யோசித்தேன். தட்டச்சில் எண்கள் இடம் மாறுவது சாதாரணம். 64 என்று அடிக்க நினைத்து 46 என்று அடித்திருக்கலாம். 64 ஆக்கினேன். கங்காணி உடனே வழிவிட்டார். பன் ஆறவில்லை.

அடுத்த மாதம் ஒரு 38 வந்தது. அதுவும் 83 ஆகியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. ஒரு 27 அழகாக 72 ஆனது. நான்கு மாதம் இப்படி இடம் மாற்றியே சமாளித்தேன். பிறகு ஒரு 44 வந்தது. அதை எப்படித் திருப்பிப் போட்டாலும் 44தான். அன்று மதியம் முழுக்க அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் செய்துவிட்டு, எண் அமைந்த விதத்தால் இந்த ஒருத்தியை மட்டும் ஓரத்தில் நிறுத்துவது பாரபட்சம் என்று பட்டது. கடவுள் சந்நிதியில் எல்லோரும் சமம். ஆகவே ஐம்பதுக்குக் கீழே யார் வந்தாலும் ஐம்பது கூட்டுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். விதி என்று வந்துவிட்டால் மனதுக்கு ஒரு நிம்மதி.

பிறகு அதைக் கையால் செய்வதும் சரியாகப் படவில்லை. ஒருநாள் எனக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பெண்களின் கதி என்ன. ஜோனைக் கூப்பிட்டு, ஆய்வுக்கூடத்தில் இயந்திரத்தை மாற்றிவிட்டார்கள், குறைந்த எண்களுக்கு ஐம்பது சேர்த்துப் படிக்க வேண்டுமாம், துபாஷியின் அட்டவணையில் எழுதிவிடு என்றேன்.

“கடிதம் ஏதும் வந்துச்சாக்கா?”

“போன்ல சொன்னாங்க.”

“அக்கா சொன்னா சரி” என்று சிரித்துக்கொண்டே எழுதிவிட்டான். ஜோனுக்கு இதில் பங்கில்லை என்பதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அவனிடம் நான் சொன்னது பொய். அதற்காக அந்த வாரமே பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் என்று மட்டும் சொன்னேன், என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஓரப் பட்டியல் வெறுமையாக வருவது வழக்கமாகிவிட்டது. கோலாலம்பூரிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. சதாசிவம் சார் அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டினார்.

இப்போது நவமணி அக்காவைப் பற்றிக் கேட்பீர்கள்.

என் அம்மாவுக்காகக் குரல் கொடுத்த அதே நவமணி. நாற்பத்தேழு வயதிலும் பெரட்டுக்கு முதல் ஆளாக நிற்பவர். மருந்தடிக்கும் கும்பலில் பத்து வருடம். அந்த வருடக் கடைசியில் அவரைக் கும்பலுக்குக் கங்காணி ஆக்குவதாக இருந்தார்கள்; எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கங்காணி ஆவது அதுதான் முதல். ஒரே நிபந்தனை, டிசம்பர் வரை கும்பலை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும். இறங்கினால் பதவி அடுத்தவருக்குப் போய்விடும்.

1985 ஆகஸ்டில் அவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு செம்பெடாக் பழம். பலாவுக்குத் தம்பி என்பார்கள். வாசனையில் அண்ணனைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கூடவே பாப்பா என்ற பெண். அதே கும்பலில் வேலை செய்பவள், நவமணி அக்காவின் பக்கத்து வீடு. நான் இருவரையும் கம்ப்யூட்டர் அறைக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து நிமிடத்தில் குளிர்காற்று அந்த வாசனையை மாடி முழுக்கக் கொண்டுபோய்விட்டது. சதாசிவம் சார் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “யாருப்பா எங்க வீட்டுக்காரி சமையல இங்க கொண்டாந்தது?” என்று கேட்டார். அறையே சிரித்தது. நவமணி அக்கா சிரித்த சிரிப்பில் பழம் கைநழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை பாப்பா எடுத்து வைத்துக்கொண்டாள்.

“இந்தக் கைக்கு என்னாமோ ஆயிருச்சு, ரோசரி. நடுங்கிக்கிட்டே இருக்கு. சாயந்தரமானா உன்னப் பாத்தா ரெண்டு ரோசரி தெரியுது.”

“ரெண்டு ரோசரியா? ஒண்ணையே சமாளிக்கிறது சூசாலா” என்றான் ஜோன். மறுபடி சிரிப்பு.

அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். எச்சில் தானாக வழிந்துகொண்டிருந்தது. அந்தக் குளிர் அறையிலும் நெற்றி வியர்த்திருந்தது. “ரத்தம் எடுத்துட்டுப் போனாங்கல்ல? உங்க மெசினு என்னா சொல்லுது? அத கேட்டுக்கிட்டுப் போலாம்னுதான் வந்தேன். ஏதும் கெடுதல்னா சொல்லிடு ஆத்தா, நான் எறங்கிக்கிறேன். கங்காணி வேல இல்லன்னா கஞ்சியா இல்லாமப் போயிரும்?”

அன்று காலையில்தான் தகடு வந்திருந்தது. துபாஷி மாற்றுவதற்கு முன் மூல எண்களை ஒருமுறை பார்த்துவிடுவது என் பழக்கம். அவருடையது 38. நான் பொத்தானை அழுத்தி அவர் வரியைத் தனித் தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். 88.

“நூத்துக்கு எம்பத்தெட்டுக்கா. என் பரீட்சைலகூட நான் இவ்வளவு வாங்கினதில்ல.”

அந்தத் தாளை அவர் இரண்டு கையாலும் வாங்கினார். தாள் படபடத்தது. பிறகு அந்த அறையில், கம்ப்யூட்டருக்கும் அச்சு இயந்திரத்துக்கும் நடுவில், நவமணி அக்கா ஒரு சுற்று ஆடினார். கும்மி மாதிரி ஒன்று, கால் கொஞ்சம் தடுமாறியது. நாங்கள் கைதட்டினோம். “உங்க மெசின் கங்காணியும் நானும் இனிமே ஒரே உத்தியோகம்லா” என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு மனுஷிக்கு ஒரு நல்ல நாளைக் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று அன்று இரவு ஜெபத்தில் நன்றி சொன்னேன்.

பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. “எம்பத்தெட்டுன்னா ஏன் கை நடுங்குது?” என்று கேட்டாள். நல்ல பெண்தான். கொஞ்சம் பதற்றக்காரி.

செப்டம்பரில் அவர் எண் 29. அக்டோபரில் 22. உள்ளே ஏறியது 79, 72. இரண்டும் நல்ல எண்கள்.

அவர்களுக்காக நான் எதுவும் செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், ஐயா. மேஜைமேல் வைத்தேனே, அந்தச் சிறிய நோட்டைத் திறந்து பாருங்கள். ஐம்பதுக்குக் கீழே வந்த ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்கிறது. இருபத்தேழு பேர். பெயருக்கு எதிரே அவர்களுடைய உண்மையான எண், மாதவாரியாக. ஒவ்வொருவருக்காகவும் தினம் ஜெபமாலையில் ஒரு மணி ஒதுக்கியிருந்தேன். எண் குறையக் குறைய மணியைக் கூட்டினேன். நவமணி அக்காவுக்குக் கடைசி மாதம் ஒரு முழுப் பத்து மணி. என் முழங்காலைப் பார்த்தால் தெரியும்.

நவம்பர் மூன்றாம் வாரம் அவர் மருந்து பம்பு முதுகில் இருக்கும்போதே செம்பனை வரிசைக்குள் விழுந்தார். அன்றைக்கு நடந்ததைப் பின்னால் கேள்விப்பட்டேன். தோட்டத்து மருந்தகத்தில், எழுபதுக்கு மேல் இருந்தவருக்கு விஷமாக இருக்காது, வெயில் மயக்கம் என்று படுக்க வைத்தார்களாம். பாப்பா கேட்கவில்லை. அக்காவை முதுகில் சுமந்துகொண்டு பெரிய சாலைக்கு வந்து, மணல் ஏற்றிப் போன ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தியிருக்கிறாள். யாரென்று தெரியாத அந்த லாரிக்காரர் பாதி மணலைச் சாலையோரம் கொட்டிவிட்டு, அக்காவைப் படுக்க வைத்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாராம். வழியெல்லாம் பாப்பா அவர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாளாம். மணல் வீணானதுதான் மிச்சம். மறுநாள் காலை அக்கா இறந்துவிட்டார்.

நான் அடக்கத்துக்குப் போனேன். நன்றாக அழுதேன்.

பத்து நாள் கழித்து பாப்பா அலுவலகத்துக்கு வந்தாள். அது கடைசி வெள்ளி. ஒரு பன் கொடுத்தேன், வாங்கவில்லை. முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து என் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று நான் கொடுத்தது. அக்கா அதை முருகர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாராம், ஓரத்தில் விபூதி அப்பியிருந்தது. இன்னொன்று ஆஸ்பத்திரிச் சீட்டு.

“இதுல எம்பத்தெட்டு. இதுல பதினொண்ணு. அக்கா ஒடம்புல ரெண்டு ரத்தமா ஓடுச்சு?”

அவள் கத்தவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் வேறு வேறு ஆய்வுக்கூடம், வேறு வேறு அளவு என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு தன் சட்டைக் கையை மேலே தள்ளி, ஊசி போட்ட இடத்தைக் காட்டினாள்.

“அங்க எனக்கும் ரத்தம் எடுத்தாங்க. முப்பத்தஞ்சாம். என்னை இனிமே மருந்து தொடக்கூடாதுன்னுட்டாங்க. மூணு வாரம் நாத்து மேடையில நின்னா சரியாயிருமாம். அவ்வளவுதானாம்க்கா.”

அது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. ஓரப் பட்டியலில் நிற்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு இளஞ்சிவப்புச் சீட்டு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ‘இவரை உடனே மருந்து வேலையிலிருந்து இறக்கவும். மூன்று வாரம் நாற்று மேடையில் வேலை கொடுத்து மறுபடி சோதிக்கவும். இரத்தம் தானாகத் தேறிவிடும். தொடர்ந்து அடித்தால் உயிருக்கு ஆபத்து.’ கம்பெனி டாக்டர் சொல்லச் சொல்ல, அந்த வாசகத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். ஐந்நூறு சீட்டு அச்சடித்தோம். கட்டுப் பிரிக்காமல் என் இழுப்பறையில் இருக்கின்றன; உங்கள் ஆட்கள் எடுத்திருப்பார்கள்.

இருபத்தேழு பேர், ஐயா. அதில் நவமணி அக்காவோடு மூன்று பேர் இப்போது இல்லை. காளியம்மா ஜூலையில், இன்னொருத்தி செப்டம்பரில். அவர்கள் விஷயத்தில் நெஞ்சுவலி என்று எழுதியிருக்கிறார்கள். 46ஐ 64 ஆக்கியதும், அட்டவணையில் ஐம்பது சேர்த்ததும், 38 என்று தெரிந்தும் 88 என்று கையில் கொடுத்ததும் நானேதான். யாரும் என்னைத் தூண்டவில்லை. ஓரமாக நிற்பது எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தெரியும். பெரட்டில் ஒருத்தியை ஓரமாக நிறுத்தினால் எல்லோரும் பார்ப்பார்கள். அந்த அவமானம் யாருக்கும் வரக்கூடாது என்றுதான் செய்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மறைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பாப்பா வந்து போன அன்றே தோட்டத்திலிருந்து மாத விவரங்கள் வந்தன. அதில் நவமணி அக்காவின் வரியில் இறந்த தேதி இருந்தது, சான்றிதழ் எண் இல்லை. கங்காணி ஓரமாக நிறுத்திவிட்டார். நெடுநாளைக்குப் பிறகு பட்டியலில் ஒரு பெயர், அதுவும் அந்தப் பெயர். எல்லோரும் பன்னோடு காத்திருந்தார்கள். இறந்த தேதியை அழித்தேன். கங்காணி வழிவிட்டார். வெறும் தாள் வந்தது. ஜோன் மட்டும் அன்று ஓட்டைப் பட்டை மாலையை என் கழுத்தில் போடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை எனக்கு மனம் கேட்காமல் லீவு போட்டுவிட்டு, முந்தின நாளே இரட்டைப்பாலத் தோட்டத்துக்குப் போய், மாதா கோவில் பக்கத்து வீட்டில் தங்கினேன். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் ஓரமாக நின்றேன். பனி இறங்கியிருந்தது. பாப்பா நாற்று மேடை வரிசையில் நின்றாள், நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் கிராணி ஏட்டைப் பார்ப்பதில்லை. எங்கள் கம்ப்யூட்டர் அச்சடித்து அனுப்பும் தாளைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார். புதியவர். டார்ச் வெளிச்சத்தில் தாளில் இருப்பதை அப்படியே படித்துக்கொண்டு போனார்.

“நவமணி.”

வரிசை அசையவில்லை. எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் போனது. கிராணி தலை நிமிராமல் மறுபடி கூப்பிட்டார்.

“நவமணி.”

எண்பது பேர் நின்றார்கள், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நவமணி அக்கா அன்று செய்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நான் பிறந்த அன்று என் அம்மாவுக்காக அவர் குனிந்த மாதிரியே தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குரல் எனக்கு நன்றாக வரும்.

“இருக்கேன்.”

கிராணி பேர் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். பாப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில் நன்றி சொல்ல யாருக்குத்தான் வார்த்தை வரும், ஐயா.